தலைக்கு மேல் மூக்கு வைத்த லாரி

"டீச்சர்... வண்டிக்கு மூக்கு தலைக்கு மேல இருந்தா தப்புங்களா?"

கல்வராயன் மலைப் பள்ளியில் நான் அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நாட்களில் வெள்ளையன் கேட்ட கேள்வி இது. கேட்டபோது அவர் புருவத்தில்கூட செம்மண் தூசி. பின்னால் நின்ற லாரியிலிருந்து சூடான இரும்பும் டீசலும் கலந்த வாசனை...

வெள்ளையனும் அவர் மனைவி ராசாத்தியும் அந்த மலைக்காரர்கள். அவர்களுடைய பிழைப்பே அந்த டர்போ டீசல் மினி லாரிதான். மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிய கையோடு சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லில் சேர்க்க வேண்டும். போட்டு வைத்தால் உள்ளே கறுத்துவிடும்.

ஊர் ஒரு பள்ளத்தில் இருந்தது. லோடு ஏற்றிக்கொண்டு முதலில் நாவமரத்து மேட்டை ஏறினால்தான் அப்புறம் இறக்கம். அந்த மேட்டில்தான் லாரிக்கு மூச்சு வாங்கும். கரும்புகை கக்கும். பாதி மூட்டையை இறக்கிவிட்டு ஏறிய நாட்களும் உண்டு.

ஊர்த் தலைவரை மூப்பன் என்பார்கள். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: அடுத்த லோடு ஒரே மூச்சில் மேடேறவில்லை என்றால், கிழங்கு ஏற்ற மலையடிவாரத்துக் கீழ்நாட்டு லாரியைக் கூப்பிட்டுவிடுவாராம்.

காரணத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். வண்டி காற்று இழுக்கும் வாய், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழே இருந்தது. ரோடோ மண் ரோடு. சக்கரம் கிளப்பும் தூசி நேராக அதற்குள்தான் போகும். காலையில் ஃபில்டரைக் கல்லில் தட்டிப் போட்டால், மத்தியானத்துக்குள் மறுபடி அடைத்துவிடும்.

என்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போ, அடுப்பு ஊதுகிறவர் மாதிரி. அவரையே மூச்சிழுக்க விடாவிட்டால் எதைக்கொண்டு ஊதுவார்?

அந்த வாயைக் கூரைக்கு மேலே ஏற்றலாமா என்பதுதான் வெள்ளையனின் கேள்வி. நான் சொன்னேன்... ஆழமான ஆற்றில் இறங்கும் யானை தும்பிக்கையை மேலே தூக்கிக்கொள்ளும், அதில் என்ன தப்பு என்று. அவர் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரமே உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரிப் பட்டறைக்குப் போய், பெரிய வண்டிக்குப் போடும் ஏர் ஃபில்டர் டப்பாவை வாங்கி வந்தார்கள். கேபினுக்குப் பின்னால் அதைப் பொருத்தி, கூரைக்கு மேலே குழாயை ஏற்றி, வாயில் வலை வைத்து, என்ஜின் வரைக்கும் அகலமான ரப்பர் ஹோஸ் போட்டார்கள்.

ராசாத்தி செய்ததுதான் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. ஃபில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளை வேட்டித் துண்டால் துடைத்துப் பார்ப்பார். தூசி ஒட்டினால், எங்கேயோ சந்து இருக்கிறது என்று கிளிப்பை இன்னும் முறுக்கச் சொல்வார். ஓட்டிப் பார்த்து வருவார்கள், மறுபடி துடைப்பார். துணி வெளுப்பாக வந்த பிறகுதான் விட்டார். பரிசோதனை என்று புத்தகத்திலிருந்து நான் சொல்லித் தந்ததை வாசலிலேயே பார்த்த மாதிரி இருந்தது.

குழாய் மேலே போனதும் டர்போவின் விசில் மெலிசாகக் கேட்க ஆரம்பித்தது. ஸ்ஸ்ஸ் என்று.

சனிக்கிழமை காலை முதல் லோடு. நான் கள்ளக்குறிச்சிக்கு வீட்டுக்குக் கிளம்பியிருந்ததால் கேபினில் உட்கார்ந்துகொண்டேன். கற்பூரம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. அந்த ஊரில் மலைச்சாமிக்கு நேர்ந்த மஞ்சள் துணியை வண்டியின் உச்சியில்தான் கட்டுவார்கள். இப்போது உச்சி எது? புதுக் குழாயின் வாய். ராசாத்தி பக்தியோடு அங்கே கட்டினார். மற்ற பெண்களும் ஆளுக்கொரு மாலையை மேலே போட்டார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

சமதளத்தில் வண்டி நன்றாகத்தான் போனது. மேட்டில் பாதிதூரம்... முன்னைவிட மோசமான கரும்புகை. இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது. பின்னால் நடந்து வந்த ராசாத்தி ஓடிவந்து சக்கரத்துக்கு மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார்.

மூப்பன் மெதுவாக ஏறி வந்தார்.

"மூக்கைப் புடுங்கி தலையில வெச்சா வேற இன்னாடா ஆவும்? நாளைக்கு கீழ்நாட்டு வண்டி வரட்டும்."

வெள்ளையன் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டார்.

ராசாத்தி என்ஜின் பக்கம் போகவே இல்லை. புகையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"விசில் சத்தமே வரல... வண்டி மூச்சே எடுக்கலங்க."

டயரில் கால் வைத்து மூட்டைகள் மேல் ஏறினார். மாலைகளுக்கு அடியில், மஞ்சள் துணி வலையோடு ஈரத்துணி மாதிரி அப்பிக் கிடந்தது. மாலைகளை எடுத்துவிட்டு முடிச்சில் கை வைத்தார்.

"சாமிக்குக் கட்டுனத அவுக்காத" என்றார் மூப்பன்.

ராசாத்தியின் கை முடிச்சை விடவில்லை.

"அவுத்துப் போடல மாமா, எடம் மாத்துறேன். மூக்கை மூடிக்கினா நம்ம சாமிகூட இந்த மேடு ஏறாது."

துணியை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றி, இறங்கி வந்து, பக்கவாட்டுக் கண்ணாடியில் கட்டினார்.

வெள்ளையன் சாவியைத் திருப்பினார். ஸ்ஸ்ஸ்... அந்த விசில். லாரி மூட்டை ஒன்றைக்கூட இறக்காமல் நாவமரத்தைத் தாண்டியது. திரும்பிப் பார்த்தேன். புகை மெலிந்து போயிருந்தது. மேட்டின் மேல் ராசாத்தி வண்டியில் ஏறும்போது, கீழேயிருந்து மூப்பன் குரல் வந்தது.

"நாளைக்கு எங்க வூட்டுக் கெழங்கை மொதல்ல ஏத்துங்க."

இப்போது அங்கே தார் ரோடு. புது லாரிகள் வரும்போதே மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் வருகின்றன. தூசி இல்லை... கேபினுக்குள் போடும் பாட்டுச் சத்தத்தில் விசிலும் கேட்பதில்லை. ஆனால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் அந்த ஊர் வண்டி போனால் எனக்கு உடனே தெரிந்துவிடும். மஞ்சள் துணி உச்சியில் இருக்காது, கண்ணாடியில் ஆடிக்கொண்டிருக்கும். ஓட்டுகிற பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டால், எங்க ஊர் வழக்கம் என்பார்கள்.

உங்கள் வண்டியை நிறுத்திவிட்டு, ஃபில்டரைத் தாண்டி என்ஜினுக்குப் போகும் குழாயின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள்; தூசி ஒட்டினால் எங்கேயோ சந்து இருக்கிறது.