அஞ்சலிப் பக்கத்தில் ஓர் ஓட்டை

எங்கள் ஊர் இணையத்தளத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்புத்தான். போர்நிறுத்தத்தால் சண்டை ஓய்ந்திருந்த அந்தச் சில வருடங்களில் நான் ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு தொலைத்தொடர்புக் கடையில் கணினி வேலை பார்த்தேன். ஊர்ச் சாவு அறிவித்தல்களைத் தட்டச்சுச் செய்து தளத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. தளம் லண்டனில் இருந்த எங்கள் ஊர்ச் சங்கத்தினுடையது. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் காலையில் முகம் கழுவுமுன்பே அதைத் திறந்து, ஊரில் யார் செத்தது என்று பார்ப்பார்கள். ஒவ்வோர் அறிவித்தலுக்குக் கீழும் ஒரு பெட்டி இருக்கும். கடவுச்சொல் எதுவும் கேட்காது, யாரும் அஞ்சலி எழுதலாம்.

அந்தப் பெட்டி ஓடியது, எவரோ எழுதி இலவசமாக விட்ட ஒரு நிரல் தொகுப்பின் பழைய பதிப்பில். அதில் ஓட்டை இருக்கிறது, அஞ்சலிக்குப் பதிலாகக் கள்ள நிரலை எழுதினாலும் அப்படியே விழுங்கிப் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்கெல்லாம் ஓட்டிக் காட்டும், உடனே புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்று அதைச் செய்தவர்களே பகிரங்கமாகப் போட்டிருந்தார்கள். நான் வாசித்தேன். உலகத்துக் கள்ளர்களும் வாசித்திருப்பார்கள்தானே. வாசிக்காதவர் எங்கள் சங்கத் தலைவர் மட்டும்தான்.

சொல்லிச் சொல்லி ஒருநாள் மாற்றுவித்தேன். வந்தது கரைச்சல். அந்தக் காலத் தமிழ் எழுத்துரு என்பது ஆங்கில விசைகளுக்குத் தமிழ் முகமூடி போட்டதுதான். 'ஈ' எழுத்தின் முகமூடிக்குள் இருந்தது '<' என்ற கூர்க்குறி. கள்ள நிரலும் அதே குறியோடுதான் தொடங்கும். புதிய பதிப்பு அதைக் கண்ட இடத்திலெல்லாம் வெட்டி எறிந்தது. 'ஈமக்கிரியை' எல்லாம் 'மக்கிரியை' ஆகிவிட்டது. தலைவர் தொலைபேசியில் குதித்தார்.

"பழசைத் திரும்பப் போடுவிச்சிட்டன் தங்கச்சி. நல்லா ஓடுறதில கை வைக்கப்படாது."

"அண்ணை, ஓட்டையெண்டு செய்தவங்களே சொல்லுறாங்கள். எழுத்துருவை மாத்துவம். இல்லாட்டி ஒரு கடவுச்சொல்லாவது போடுங்கோ."

"செத்தவீட்டுக்கு ஆரும் படலை பூட்டுறதோ? என்ன கதை கதைக்கிறீர்? வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விடாதையும்."

செத்தவீட்டுக்குப் படலை பூட்டுவதில்லை, உண்மைதான். பகையாளி வந்தாலும் வேலிவாசல் திறந்தே கிடக்கும். ஆனால் படலையடியில் சொந்தக்கார ஆண்கள் நிற்பார்கள், வருகிறவர் முகத்தைப் பார்த்துக் கைகொடுத்து உள்ளே விடுவார்கள். இந்தப் படலையில் ஒரு குஞ்சும் நிற்கவில்லை. அதையும் சொன்னேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பிறகு எங்கள் கரம்பொனில் கடற்றொழில் செய்த ஒருவர் மாரடைப்பில் போனார். அவருடைய மனைவியை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே மகன். கனடாவில் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் கிடந்தான். வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அடக்கத்துக்கு வரமுடியவில்லை. தொலைபேசியில் அவனுக்குக் கதை வரவில்லை, அழுகைதான் வந்தது. கடைசியில், "அம்மா, அப்பாவுக்குச் சொல்ல இருந்ததெல்லாம் ஊர்ப் பக்கத்தில எழுதியிருக்கிறன், போய் வாசியுங்கோ" என்று மட்டும் சொன்னானாம்.

அடுத்தநாள் காலை மாமி வெள்ளைச் சீலையோடு, தன் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினேன். பக்கம் மெதுவாகத் திறந்தது. முதலில் சிலுவை, பிறகு மாமாவின் படம். பிறகு அந்தப் படத்துக்கு மேலேயே உடுப்பில்லாத பெண்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, மினுக்கி மினுக்கி. மூட மூடப் புதிது திறந்தது. சீ! மண் காயாத மனிசனின் முகத்தில், அவருடைய பெண்சாதியின் கண்முன்னால்! மாமியின் தங்கச்சி "மாதாவே!" என்று முகத்தைப் பொத்தினார். நான் கணினியின் வயரைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகும் விசைப்பலகையைத் தொடக் கை கூசியது.

இதைச் செய்தவனுக்கு எங்கள் மாமா யாரென்றே தெரியாது. ஓட்டையுள்ள பக்கங்களைத் தேடித் திரிகிற நாய் அது, கண்ட சட்டியில் வாய் வைக்கும். என் அருவருப்பு முழுக்கச் சட்டியைத் திறந்து வைத்தவர்மேல்தான்.

மாமி மட்டும் இருண்ட திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"அது கிடக்கட்டும் பிள்ளை. என்ர பிள்ளை எழுதினது எங்க?"

தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "பெரிசுபடுத்தாதையும் தங்கச்சி, நான் துப்பரவாக்கிவிடுறன்" என்றார். துப்பரவாக்கினார். பெட்டிக்குள் கிடந்த ஊத்தையையும் அஞ்சலிகளையும் ஒன்றாக அள்ளி அழித்தார். பிரதி கிடையாது. திரும்ப ஏறியதும் அதே பழைய பதிப்புத்தான். வெறும் பக்கத்தில் முதலாவதாக அவருடைய அனுதாபம், பதவிப் பெயரோடு. தூ!

மறுநாள் மாமி திரும்பவும் வந்தார். பெட்டியில் மகனிடமிருந்து புதிதாகக் கொஞ்சம் வந்திருந்தது. நான் வாசித்துக் காட்டினேன்.

"அம்மா, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாங்கள். அதுக்கு முதலே நீங்கள் வாசிச்சனீங்கள்தானே? எனக்கு அதைத் திரும்ப எழுத ஏலாது."

மாமி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ஓம், வாசிச்சனான் எண்டு எழுது பிள்ளை. சேமக்காலைக்குப் போய், கல்லறையடியில அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டினனான் எண்டு எழுது."

எழுதினேன். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் பெட்டி அதையும் விழுங்கிக்கொண்டது.