இடப்பக்கத்துப் பசை

தொண்ணூற்று நான்கில், முப்பத்தாறு வயதில், கோமளம் பல்லுக்குக் கிளிப்பு போட்டுக்கொண்டாள். மந்தைவெளியில் பள்ளிக்கூட டீச்சர். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்வரிசையில் எவளாவது மேல்பல்லைத் துருத்திக் காட்டுவாள். இந்த ஜன்மத்தில் ஒரு தடவையாவது கையால் மறைக்காமல் சிரித்துவிட வேண்டும் என்றுதான் ஆழ்வார்பேட்டை பல் டாக்டர் கல்யாணராமனிடம் போய் வாயைத் திறந்தாள்.

திறந்த வாய்க்கு நிம்மதி போயிற்று. மாதம் தவறாமல் ஏதாவது ஒரு கிளிப்பு பல்லைவிட்டுக் கழன்று கம்பியில் தொங்கும். பருக்கையும் கீரையும் அதில் சிக்கி, ஊறி, நாறும். தன் வாயை நினைத்தாலே அவளுக்குக் குமட்டியது.

"முறுக்கா, தட்டையா? உண்மையைச் சொல்லுங்கோ" என்று ஒவ்வொரு தடவையும் டாக்டர் இளிப்பார்.

கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டியவள் ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. சொன்னால் யார் நம்பினார்கள்? கூட வந்த புருஷன் சங்கரனே ஒத்து ஊதினார்: "ஆத்துல டின்னைப் பூட்டித்தான் வெக்கணும், டாக்டர்." கோமளம் வாய் நிறையப் பஞ்சோடு பதில் சொல்ல முடியாமல் படுத்திருந்தாள்.

மார்கழியில் மறுபடி ஒன்று கழன்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"எப்பவும் இடப்பக்கமே கழல்றதே டாக்டர்? வலப்பக்கம் ஒண்ணுகூட அசையலையே?"

டாக்டரின் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே, கண்டுபிடிச்சுட்டேளே! வலப்பக்கம் நீல வெளிச்சம் காட்டி இறுக வெக்கற பசை. இடப்பக்கம் வேற கம்பெனி, கலந்து தடவறது. எது நிக்கறதுன்னு ஒப்பிட்டுப் பார்த்துண்டிருக்கேன். மாநாட்டுல கட்டுரை படிக்கணும்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னா இடப்பக்கம் மெல்லாம விட்டுடுவேள். ஒப்பீடே கெட்டுப்போயிடும்."

"அப்போ முறுக்குன்னு என்னைச் சொன்னது?"

"அது சும்மா, தமாஷுக்கு."

"பலே மூளை டாக்டர் உங்களுக்கு!" என்று சங்கரன் சிரித்தார்.

சே! பல்லிடுக்கில் நாறிய கீரைகூட இந்த இரண்டு பேர் அளவுக்கு அருவருப்பாக இல்லை.

"எல்லாத்தையும் கழட்டுங்கோ."

"பல் பாதிதான் உள்ளே போயிருக்கு. இப்போ கழட்டினா பழையபடி துருத்திண்டு வந்துடும்."

"வரட்டும்."

"பைத்தியமாடி உனக்கு?" என்றார் சங்கரன். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இன்னொரு டாக்டர் முன்னால் போய் வாயைத் திறக்கவும் இனி அவளால் ஆகாது.

டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குறடை எடுத்தார். வலப்பக்கம் ஒவ்வொன்றும் கண்ணில் தண்ணீர் வரவழைத்துவிட்டுத்தான் வந்தது. இடப்பக்கம் குறடு பட்டதுமே உதிர்ந்தது. டாக்டர் பேனாவைத் திறந்து அதையும் குறித்துக்கொண்டார்.