வீடில்லாதவர்கள் வாங்கிய பீரோ

போன வியாழக்கிழமை என் மனைவி ஒரு பீரோ வாங்கினாள்.

இதில் எழுத என்ன இருக்கிறது? தாம்பரத்தில் தினமும் யாராவது பீரோ வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அதை வைக்க ஒரு வீடு இருக்கும். எங்களுக்கு இல்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சேலையூரில் இருபத்திரண்டு வருடம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தோம். நானும் மல்லிகாவும் ஆளுக்கொரு பெட்டியுடன் கிளம்பினோம். மலேசியாவின் பினாங்கில் ஒரு மாதம், வியட்நாமின் டா நாங்கில் இரண்டு மாதம், ஜார்ஜியாவின் திபிலிசியில் ஒரு மாதம்... இரண்டு வருடமாக இப்படித்தான். சுற்றுலா என்று சொல்ல முடியாது. ஓர் ஊரில் சின்ன வீடாக எடுப்போம். சமைப்போம், துவைப்போம். காய்கறிக்காரருக்கு எங்கள் முகம் பழகும் நேரத்தில் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

நடுவில் விசா, பல் டாக்டர் என்று சில வாரங்கள் இங்கே வருவோம். அப்போது அதே சேலையூரில், கேம்ப் ரோடு பக்கம் மல்லிகாவின் தங்கை அமுதா வீட்டு மாடி அறையில் தங்குவது வழக்கம். ஒரு கட்டில், ஒரு ஃபேன், சுவரில் ஆறு ஆணிகள். எங்களுக்கு அது போதும் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

நான் என்றுதான் சொல்ல வேண்டும். பழைய வீட்டைக் காலி செய்தபோது, கல்யாணத்துக்கு மல்லிகாவின் அப்பா வாங்கித் தந்த பீரோ காயலான் கடைக்குப் போனது. அடியில் துரு. ஒரு கதவு சரியாக மூடாது. "போட்டுடலாமா?" என்று கேட்டேன். அவள் மறுப்பு தெரிவிக்கவில்லை. பத்திரிகையில் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். மறுப்பு தெரிவிக்காதவர் மனதில் என்ன இருந்தது என்று எழுத எந்தப் பத்திரிகையிலும் இடம் இருக்காது.

வியாழக்கிழமை காலை, "மார்க்கெட் வரைக்கும் வாங்க, ஒரு வேலை இருக்கு" என்று கூட்டிப்போனாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஃபர்னிச்சர் கடை. கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குக் கல்யாணமா மேடம்?" என்றார்.

"இல்லீங்க. எனக்குத்தான்."

"கண்ணாடி வெச்சதா, வெக்காததா?"

"கண்ணாடி வேணாம். லாக்கர் இருக்கணும். அஞ்சு தட்டு."

எல்லாம் முன்பே தீர்மானித்து வந்திருந்தாள். பிரஸ் மீட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்த நிருபர் மாதிரி நான் பக்கத்தில் நின்றேன். கேள்வி நேரம் முடிந்துவிட்டிருந்தது.

மல்லிகா ஆட்டோவில் முன்னால் போனாள். நான் பீரோவுடன் குட்டியானை என்கிற மினி லாரியில் ஏறினேன். ஓட்டுநர் பெயர் தாஸ். பின்னால் அவருடைய கூட்டாளி பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொந்த வூடா சார்?"

"மச்சினி வீடு."

"அப்போ ஒன் வூடு எங்க கீது?"

"எங்களுக்கு வீடு இல்லப்பா. வெளிநாட்டுல ஊர் ஊரா மாறி மாறி இருக்கோம்."

ஒரு சிக்னல் முழுக்க தாஸ் யோசித்தார். பச்சை விழுந்தது.

"எத்தினியோ பீரோ ஏத்திக்கிறேன் சார். வூடே இல்லாம பீரோ வாங்கினு போற மொத ஆளு நீதான்." பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா ஷோக்கா பாத்து எடுத்துக்குது. நீ இன்னா சார், எழவு வூட்டுக்குப் போற மாதிரி வர்ற?"

காரணம் இருந்தது. அடுத்த வாரம் தாய்லாந்தின் சியாங் மாய்க்குப் போக இரண்டு டிக்கெட்டுகள் என் போனில் இருந்தன. பீரோ என்பது பெட்டியில் வைக்க முடிகிற பொருளா? மல்லிகா போதும் என்கிறாள். வாயால் சொல்லாமல் இரும்பால் சொல்கிறாள். ஊர் ஊராகப் போகிறவனுக்கு விசா பயமில்லை, பாஷை பயமில்லை. கூட வருகிறவருக்குக் களைப்பு வந்துவிட்டதோ என்ற பயம்தான். அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள அதைவிடப் பயம்.

மாடிப்படி திரும்பும் இடத்தில் பீரோ மாட்டிக்கொண்டது.

"பாத்து, பாத்து! போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சோம்!" என்று மேலேயிருந்து அமுதா கத்தினாள்.

"யக்கா, நீ கத்தாத. பீரோ பயந்துடப் போவுது" என்றார் தாஸ்.

அமுதா இறங்கி வந்து என் காதருகே கேட்டாள்: "அக்காவுக்குத் திடீர்னு என்ன ஆச்சு மாமா?"

"தெரியலம்மா."

"கேக்க வேண்டியதுதானே? ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கேள்வி கேட்டுத்தானே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினீங்க?"

நியாயமான கேள்வி.

பீரோ ஒருவழியாக மேலே போய், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் நின்றது. தாஸும் கூட்டாளியும் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். மல்லிகா தன் பெட்டியைக் கட்டில் மேல் வைத்துத் திறந்தாள். ஒவ்வொரு துணியாக எடுத்துத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். இந்த இரண்டு வருடத்தில் அவள் பெட்டியை அடி வரைக்கும் காலி செய்து நான் பார்த்ததில்லை. எந்த ஊரிலும் மேலாக நாலு உடுப்புதான் வெளியே வரும்.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிடட்டுமா?" என்றேன்.

"எதுக்கு?"

"பீரோ வாங்கிட்டியே."

"பீரோ வாங்கினா ஊருக்குப் போகக் கூடாதா என்ன?" மடித்துக்கொண்டிருந்த புடவையைக் கீழே வைத்தாள். "திபிலிசில உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சே..."

அந்தக் காய்ச்சலைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். கீழ் வீட்டு அம்மாள் கொண்டுவந்த சூப், கையாலேயே பேசிய டாக்டர், தெர்மாமீட்டரைத் தேடி மல்லிகா போன மூன்று கடைகள்... நல்ல வரவேற்பு. உங்களில் பலர் சிரித்ததாகக் கடிதம் எழுதியிருந்தீர்கள்.

"மூணாவது நாள் நீங்க கண்ணே திறக்கல. டாக்டர் ஏதோ சொன்னார், எனக்குப் புரியல. நான் பக்கத்துல உக்காந்து யோசிச்சேன். உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன செய்யணும்னு. எம்பஸிக்குப் பேசணும். அமுதாவுக்குச் சொல்லணும். டிக்கெட் போடணும். எல்லாம் வரிசையா தோணிச்சு. நானும் மனசுக்குள்ளயே மீனம்பாக்கம் ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டேன். டாக்ஸில ஏறிட்டேன். டிரைவர் எங்கேம்மா போகணும்னு கேக்கறார்..."

கீழே வைத்த புடவையை மறுபடி கையில் எடுத்தாள்.

"அதுக்கு மேல தோணல."

"அமுதா வீடு இருக்கே மல்லிகா."

"இருக்கு. வான்னுதான் சொல்லுவா. சாப்பாடு போடுவா, தூங்க இடம் குடுப்பா. ஆனா உங்க சட்டையெல்லாம் நான் எங்க வைப்பேன்?"

முப்பது வருடம் அடுத்தவர் துக்கத்தை எழுதிச் சம்பாதித்தவன் நான். விபத்து நடந்த வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பைக்கூட விடாமல் குறித்துக்கொள்பவன். நான் படுத்திருந்த கட்டிலுக்கு ஓரடி தள்ளி ஒருத்தி தன்னந்தனியாக மீனம்பாக்கம் வரை வந்து இறங்கியிருக்கிறாள். நான் சூப்பைப் பற்றி எழுதினேன்.

என் பெட்டியையும் திறந்து என் சட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். நாலு சட்டை, ஒரு வேட்டி. இரண்டாவது தட்டில் வைத்தாள். அவள் புடவைகள் மூன்றாவதில். சியாங் மாய்க்கு வேண்டியதை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். அங்கே காலையில் நடக்க நல்ல இடமாக இருக்குமா என்று கேட்டாள். கேட்டபோது குரலில் ஆசை இருந்தது. இந்த முறை நான் கவனித்தேன்.

பீரோவோடு இரண்டு சாவிகள் ஒரே வளையத்தில் வந்திருந்தன. பிரித்து, ஒன்றைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மற்றதை அமுதாவிடம் கொடுப்பாள் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு? உங்கிட்டதான் ஒண்ணு இருக்கே."

"இருக்கு. நீங்க மட்டும் திரும்பி வர வேண்டியிருந்தா?"

வாங்கிக்கொண்டேன்.

அதை என் பாஸ்போர்ட் உறையில், பாஸ்போர்ட்டுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இனி எந்த ஊர் அதிகாரி எதைக் கேட்டாலும், முதலில் கைக்கு வரப்போவது சேலையூர்தான்.