பெரிய கல்லாகத் தாங்க

எங்கள் மாமாவுக்குச் சட்டம் தெரியும் என்பதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஒரு பஸ் விபத்து வழக்கில் அவர் ஒரே ஒரு தடவை சாட்சி சொல்லப் போயிருக்கிறார். அவர் முறை வருவதற்குள் வழக்கே சமாதானமாகிவிட்டது. ஆனாலும் அன்று போட்டுப்போன வெள்ளைச் சட்டையை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மத்தியஸ்த சபையிலிருந்து கடிதம் வந்ததும், அதே சட்டையில், பைக்குள் இரண்டு பேனையோடு, கலஹாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்பிட்டியவில் ஒரு மேட்டைச் சீவி எடுத்த துண்டு நிலத்தில் எங்கள் வீடு இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதுதான் முதல் சொந்த வீடு. அந்த வீட்டையே ஈடு வைத்து ஒரு பினான்ஸ் கம்பனியில் கடன் வாங்கித்தான் அதைக் கட்டி முடித்தார்கள். முடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பின்பக்கத்து மண்ணைத் தாங்க ஒரு கல் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. அதற்குள் கடன் காசு தீர்ந்துவிட்டது. மழை பெய்தால் மேட்டு மண் குசினி வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அம்மா ஒவ்வொரு தடவையும் அதை மண்வெட்டியால் வழித்துத் தள்ளிக்கொண்டே, “கல்லு வாங்கணும், கல்லு வாங்கணும்” என்பாள். ஆகவே எங்கள் வீட்டின் ஒரே குறை கல்தான் என்பது என் முடிவு.

பெரிய குறை வேறொன்று இருந்தது. அப்பா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு, மாதக்கணக்காக வேலைக்குப் போகவில்லை. தவணை கட்டவில்லை. வீட்டை ஏலத்தில் விற்க வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போகப் போவதாகக் கம்பனி எழுதியிருந்தது. ஆனால் கோட்டுக்குப் போவதற்கு முன்னால் இரு தரப்பும் மத்தியஸ்த சபையில் ஒருமுறை உட்கார்ந்து பேசியாக வேண்டும். பேச்சு முறிந்தால், முறிந்தது என்று சபையில் ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். கம்பனிக்கு அந்தக் கடிதம் போதும். இதையெல்லாம் மாமா இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினார். எனக்கு விளங்கியது, இன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்பது மட்டும்.

சபை என்றால் ஏதோ மாளிகை என்று நினைத்திருந்தேன். அது ஒரு சிங்களப் பள்ளிக்கூடம். சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. இரண்டாம் வகுப்பு அறையில், சுவரெல்லாம் யானையும் அன்னாசியும் ஒட்டியிருக்க, மத்தியஸ்தர்கள் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் ஒசரிச் சேலை கட்டிய, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் அம்மா. மற்ற எல்லாருக்கும் சின்னப் பிள்ளைகளின் கதிரைதான். கடன் கம்பனியிலிருந்து வந்த அதிகாரி, கம்பனி சேர், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார். அப்பா கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டியிருந்தார். அம்மா மட்டும் அந்தக் கதிரைக்கு அளவாக இருந்தாள்.

அதிபர் அம்மா மாமாவைப் பார்த்து, நீங்கள் யார், சட்டத்தரணியா என்று சிங்களத்தில் கேட்டார்.

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “சட்டத்தரணி இல்ல மெடம். ஆனா சட்டம் தெரியும்” என்றார், அவரும் சிங்களத்தில்.

சட்டத்தரணிகளுக்கே இங்கே இடமில்லை, சட்டம் தெரிந்தவர்கள் வெளியே இருக்கலாம் என்றார் அந்த அம்மா.

மாமாவும் நானும் வராந்தாவில் ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்தோம். உள்ளே எல்லாம் சிங்களத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழிப் பாடத்தில் நான் கெட்டிக்காரி. நிறங்கள் தெரியும், மிருகங்கள் தெரியும், பத்து வரை எண்ணுவேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கம்பனி சேர் சொன்னார்: “மாஸ துனக் கல் தென்னம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாஸ என்றால் மாதம். துனக் என்றால் மூன்று. தென்னம் என்றால் தருகிறேன். கல்லுக்குச் சிங்களத்திலும் கல்தான் என்று எங்கள் டீச்சர் சொல்லித் தந்திருந்தார்.

“மாமா, அந்த சேர் நமக்கு கல்லு குடுக்கிறாரா?”

மாமா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மீசையைத் தடவினார். “ஆமா” என்றார். “மூணு மாசத்துக்கு.”

“அது பத்துமா?”

“எங்கிட்டுப் பத்தும்? ஒங்கப்பா ஒரு வருசத்துக்குக் கேக்குறாரு. அந்தாளு மூணுக்கு மேல முடியாதுங்கிறான்.”

எட்டிப் பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்திருந்தார். அம்மா கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அதிபர் அம்மா ஒரு அச்சடித்த தாளை இழுத்து முன்னால் வைத்து, பேனை மூடியைக் கழற்றினார். இவ்வளவு பெரியவர்கள் கல்லுக்குப் பேரம் பேசத் தெரியாமல் இருக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

“பெரிய கல்லாக் கேக்கச் சொல்லுங்க மாமா. பெரிசுன்னா மூணு மாசத்துக்கு வந்தாலும் சுவர் கட்டலாம்.”

“நான் சொன்னா எடுபடுமா? என்னயத்தான் வெளிய போட்டுட்டாங்களே. நீ கேளேன்.”

கேட்டேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பாடம் ஒப்பிக்கும் குரலில், “சேர், லொகு கல் தென்ன” என்றேன். பெரிய கல் தாருங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிங்களத்தில் ‘கல்’ இரண்டு. கணபதிக்கு வரும் ‘க’ போலச் சொன்னால் கல். கண்டிக்கு வரும் ‘க’ போலச் சொன்னால் அவகாசம், தவணை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று, என் வாயிலும் இரண்டும் ஒன்று. அந்த மனிதர் மூன்று மாத அவகாசம் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் உச்சரிப்பை ஒழுங்காகப் படித்திருந்தால் அன்று அவரிடம் கருங்கல் கேட்டிருப்பேன். படிக்காததால், பெரிய அவகாசமாகத் தாருங்கள் என்று கேட்டுவிட்டேன்.

எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். பிறகு அதிபர் அம்மா சிரித்தார். மற்ற இரண்டு மத்தியஸ்தர்களும் சிரித்தார்கள். கடைசியாகக் கம்பனி சேரும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்த வேகத்தில் அவருடைய சின்னக் கதிரை ஒருபக்கம் சாய, அப்பா கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொண்டார். தன்னைப் பிடித்த கையைக் கம்பனி சேர் உடனே விடவில்லை. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதுவரை அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

அதிபர் அம்மா பேனையை மூடினார். பிள்ளையும் கேட்கிறதே சேர், மேலிடத்தில் ஒருதரம் கேட்டுப் பாருங்களேன் என்றார். கம்பனி சேர் வராந்தாவுக்கு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொலைபேசியில் வெகுநேரம் கெஞ்சினார். யாருக்காகக் கெஞ்சினார் என்று அப்போது எனக்குத் தெரியாது. திரும்பிப் போய் ஒன்பது மாதம் என்றார். அதுவரை மாதா மாதம் முடிந்ததைக் கட்டினால் போதும், ஏலம் இல்லை. முறிவுக் கடிதத்துக்கு இழுத்த தாளை விட்டுவிட்டு, வேறொரு தாளில் எழுதினார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு மாமாவின் பேனை ஒன்று பயன்பட்டது. அதை அவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று அட்டைப் பெட்டிகளை இழுத்தாள். பத்திரிகைத் தாளில் சுற்றிய பீங்கான் தட்டு, கோப்பை எல்லாம் அதற்குள் இருந்தன. இரண்டு வாரமாக நாங்கள் ஏன் பிளாஸ்டிக் தட்டில் சாப்பிட்டோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“ஏம்மா கட்டி வச்சீங்க?”

“ஒட்டட அடிக்கத்தான்.”

ஒட்டடை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகத் தாளைப் பிரித்து அவளிடம் நீட்டுவது என் வேலையாகிவிட்டது. அலுப்பில், லொறி எப்போது வரும் என்று கேட்டேன்.

“எந்த லொறி?” என்றார் அப்பா.

“கல்லு லொறி. ஒம்பது மாசத்துக்கு.”

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். அம்மா மட்டும் சிரிக்காமல், கடைசித் தட்டை அலுமாரிக்குள் வைத்து, கதவை மெதுவாகச் சாத்தினாள்.

“வரும்போது வரட்டும்டி. நமக்கு இப்ப என்ன அவசரம்?”

விடிந்தால் பஸ்ஸுக்கு அவசரம், பொழுது சாய்ந்தால் அடுப்புக்கு அவசரம் என்று பறப்பவள் அம்மா. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அம்மாவுக்கும் சோம்பல் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.