புல் பிடுங்கிய முற்றம்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் கூடுகிற இடத்தில் வாய் திறக்கவும் கூச்சம். ஆனாலும் எங்கள் வீட்டு முற்றத்தைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் துணிந்துவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் எனக்கு வேலை. பல வருடங்கள் அந்தக் கடைக்கு மேலேயே ஓர் அறையில் இருந்துவிட்டு, புறநகரான லெ பிளாங்-மெனிலில் சின்ன வீடொன்று வாங்கிப் போனோம். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு. எல்லாருக்கும் பொதுவான விதிகள் உண்டு. வேலிச்செடி நெஞ்சுயரத்துக்கு மேல் வளரக்கூடாது, முன்பக்கத்தில் உடுப்புக் காயப்போடக்கூடாது, மரக்கறி நடக்கூடாது. இவ்வளவையும் என் கணவர் வாசித்துச் சொன்னார். புல்லைப் பற்றிய வரியை இருவருமே கவனிக்கவில்லை.

எங்கள் ஊர் ஆட்களுக்கு முற்றத்தில் புல் நின்றால் அது ஆளில்லாத வீடு. வசந்தத்தில் புல் கணுக்கால்வரை வளர்ந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் வேலைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை குந்தியிருந்து எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினேன். பிறகு மணல் மூட்டைகள் வாங்கிப் பரப்பி, கடையிலிருந்து கொண்டுவந்த ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டினேன். மணலில் வரிவரியாகத் தடம் விழுந்தது. உள்ளே போய்ப் போய் வந்து பார்த்தேன்.

அடுத்த கிழமை வாசல் மணி அடித்தது. சில வீடுகள் தள்ளியிருக்கும் பாண்டிச்சேரி ஐயா. பிரெஞ்சு அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்புச் சங்கத்தில் அங்கத்தவர்.

“என்னம்மா, புல்லெல்லாம் எங்க போச்சு?”

“துப்புரவாக்கினனான் ஐயா.”

“துப்புரவா! மொட்டையில்ல அடிச்சு வச்சிருக்கீங்க! முன்பக்கம் புல்தரை இருக்கணும்னு ரெக்லமான்ல, அதான் குடியிருப்பு விதியில, போட்டிருக்கு. செப்தாம்பர் கூட்டத்துக்குள்ள திரும்பப் போடுங்க. இல்லன்னா அங்க வந்து காரணம் சொல்லுங்க.”

“ஐயோ, நான் கதைக்கமாட்டன் ஐயா.”

அவர் போனதும், உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் சிரித்தார். “பிடுங்கின ஆள்தானே, இனி ஒண்டொண்டா நடும்.”

நட்டிருப்பேன். ஆனால் அந்தக் கோடையில் மழையே இல்லை. தோட்டங்களுக்குத் தண்ணீர் விடக்கூடாதென்று உத்தரவு வந்தது. தெரு முழுவதும் புல்தரைகள் வைக்கோல் நிறமாயின. நான் தினமும் மணலைக் கூட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

கூட்டத்தன்று முழுவதும் மணலை அள்ளச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம். வேலை முடிந்து ரயிலில் வரும்போது ஒரு பிரெஞ்சு வசனத்தைப் பாடமாக்கினேன். மண்டபத்தில் என் கணவர் பக்கத்தில் இருந்தார். எங்கள் வீட்டு இலக்கத்தைச் சொன்னதும் எழுந்தேன். வசனம் மறந்துபோயிற்று. கைகள் மட்டும் தாமாகவே கூட்டிக் காட்டின. “ஒவ்வொரு நாளும்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். தங்கள் வீட்டுக்கும் வருவேனா என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

பாண்டிச்சேரி ஐயா எழுந்து, தன் புல்லும் செத்துவிட்டது, இவர்களை மட்டும் குறை சொல்லித் தனக்கு என்ன ஆகப்போகிறது என்றார். பலர் தலையாட்டினார்கள். கடைசியில் கை உயர்த்தி முடிவெடுத்தார்கள்: வேலியோரம் லவெண்டர் போல அதிகம் தண்ணீர் கேட்காத செடிகள் வைக்க வேண்டும், மற்ற இடம் மணலாக இருக்கலாம்.

மூவருமாகத் திரும்பி நடக்கும்போது ஐயா சொன்னார்: “பேசவே மாட்டேன்னீங்க, நடிச்சே காட்டிட்டீங்களேம்மா!”

“ஓம் ஐயா, வீட்டிலையும் அப்பிடித்தான்,” என்றார் என் கணவர். “கதை ஒண்டும் இல்லை. விளக்குமாத்தைக் காட்டினாப் போதும், நான் அடங்கீடுவன்.”

மறுநாள் மழை பெய்தது. அன்று மட்டும் முற்றம் கூட்டவில்லை.