அர்மெல் கண்ட சிவப்பு வளையம்

ப்ரெஸ்ட் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் ஈஸ்டுக்குச் சமைத்துப் போடுகிறவர் அர்மெல் கெர்வெலா. சர்க்கரையும் உப்பும் கடற்பாசியும் காய்ச்சி வட்டத் தட்டுகளில் ஊற்றுவார். முடிந்துபோன தட்டுகளை நீராவியில் வேகவைத்துக் கொட்டுவார். பத்தொன்பது வருடமாக இதே வேலை. நான் மேல்தளத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவள். காப்பி குடிப்பது அவரோடுதான்.

மூளைக்குள் புரதம் கட்டி கட்டியாகச் சேர்ந்து ஆளைக் கொல்லும் நோய் ஒன்று உண்டு. அதே மாதிரி கட்டி சேரும் ஈஸ்டை வளர்த்து மருந்து தேடினோம். கட்டி இருந்தால் ஈஸ்ட் வெள்ளை, கரைந்தால் சிவப்பு. ஆராய்ச்சியாளர் கொராந்தான், தட்டில் ஈஸ்டைப் பரப்பி, மருந்தில் நனைத்த காகிதப் பொட்டுகளை வைப்பார். மூன்றாம் நாளும் வெள்ளையாகவே இருந்தால் தட்டு கீழே போய்விடும்.

விண்ணேற்ற விழா என்ற கிறிஸ்தவப் பண்டிகையின் நீண்ட விடுமுறைக்கு முன்னால் நீராவி இயந்திரம் பழுதாகிவிட்டது. அர்மெல் கொட்ட வேண்டிய தட்டுகளைக் குளிர்அறையில் வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை எடுத்தால், ஒன்றில் ஒரு பொட்டைச் சுற்றிச் சிவப்பு வளையம். கொராந்தானிடம் படியேறி ஓடினார்.

"பூஞ்சை விழுந்திருக்கும், அர்மெல். குப்பையையா தூக்கிட்டு வர்றீங்க?"

"பூஞ்சை இப்படி காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரியா வரும்? என் தட்டுல என்னைக்காவது பூஞ்சை பாத்திருக்கீங்களா?"

"சரி, சமையல்காரம்மா சொன்னா அப்பீலே இல்ல!" கொராந்தான் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அர்மெலுக்குச் சுருக்கென்றது. சாப்பாட்டு நேரத்தில் புதிதாகப் பன்னிரண்டு தட்டு தயாரித்தார். "ஆறுல அந்த மருந்து, ஆறுல வெறும் தண்ணி. எது எதுன்னு ஒரு சீட்டுல எழுதி வச்சுக்கோ, எங்கிட்ட சொல்லாதே," என்றார் என்னிடம். மூன்று நாள் சூடு, ஐந்து நாள் குளிர். பிறகு எங்கள் தலைவர் மதாம் பெர்த்தூவின் முன்னால் சிவந்த ஆறையும் தனியே எடுத்து வைத்தார். நான் சீட்டைப் பிரித்தேன். ஆறும் சரி.

மதாம் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "கொராந்தான், இனிமே குளிர்ல வைக்காம ஒரு தட்டும் கீழ போகக்கூடாது," என்றார். குளிரில்தான் அந்த நிறம் ஏறும் என்று அன்று எல்லோருக்கும் உறைத்தது.

கொராந்தான் கீழே வந்து, "மன்னிச்சிடுங்க," என்றார். பிறகு வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில் தன் பெயருக்கு அடுத்து அர்மெலின் பெயரைப் போட்டதும் அவர்தான்.

பாராட்டு விழாவில் ஒரு பெரிய மனிதர், "தற்செயலா கண்ணுல பட்டது," என்று ஆரம்பித்தார். அர்மெல் இருந்த இடத்திலிருந்தே, "தற்செயலா கெட்டது இயந்திரம், முசியே. நான் பாத்துதான் எடுத்தேன்," என்றார். முதலில் கைதட்டியது நான்.

மருந்து இன்னும் மனிதர்களிடம் போகவில்லை. ஆனால் அதைக் குடித்த என் நோயாளி எலிகள், மருந்து குடிக்காத நோயாளி எலிகளைவிட ஏழு வாரம் கூடுதலாக உயிரோடு ஓடின.