பூஜைக்கு முன் தின்ற இலந்தைப்பழம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஏழு, நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஒன்பது பேரை ஆளாக்கினேன். எழுத்து மட்டும் ஐம்பதுக்கு மேல்தான் வந்தது. அது வராமல் போனதும் வந்ததும் மாமாவால்தான். மாமா என்றால் அம்மாவின் தம்பி.

அப்போது கல்கத்தாவில், டாலிகஞ்சில் இருந்தோம். மாமா எங்களோடு தங்கி பி.ஏ. படித்தார். “சாமி இருக்குங்கறதுக்கு ஒரு காரணம் சொல்லு அக்கா, இப்பவே விழுந்து கும்பிடறேன்” என்பார். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். ஒரு தடவை பரீட்சையில் தவறியிருந்தார். மறுபடி தவறினால் ஊருக்கு ரயிலேற்றிவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். மாமா போய்விட்டால் அந்த வீட்டில் என்னோடு பேச யார் இருக்கிறார்கள்?

தை மாதம், எனக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாள் மாஷிமாவின் மரத்தடியில் உதிர்ந்த இலந்தைப்பழத்தைப் பாவாடையில் அள்ளிவந்து மாமாவுக்குக் கொடுத்தேன். புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல் தின்றார். சுவருக்கு அப்பாலிருந்து மாஷிமா பார்த்துவிட்டாள்.

“கீ சர்வநாஷ்! சரஸ்வதி பூஜைக்கு முன்னாடி இலந்தை தின்னா படிப்பு வருமா?” என்று பெங்காலியில் கத்தினாள்.

“எங்க பூஜை நவராத்திரியோட ஆயாச்சு, மாஷிமா” என்றார் மாமா.

“பரீட்சை இந்த ஊர்ப் பரீட்சையாச்சே!”

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “ஒரு இலந்தைக்குக் கோவிச்சுக்கறவகிட்டேர்ந்து என்ன வித்தை வரும்?” என்று இன்னொன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடுத்தவள் நான்தானே. மாஷிமா வீட்டுப் பூஜையன்று என் பலப்பத்தைச் சரஸ்வதியின் காலடியில் வைத்து, ‘மாமாவைப் பாஸ் பண்ணிடு, எனக்கு எழுத்தே வேண்டாம்’ என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் கரைக்க எடுத்துப்போன களிமண் பொம்மையோடு பலப்பமும் குளத்துக்குள் போயிற்று.

மாமா பாஸ்.

“பாத்தியா, சரஸ்வதி காப்பாத்திட்டா” என்றாள் அம்மா.

“போன வருஷம் ஃபெயிலானது மட்டும் நானாக்கும்?” என்றார் மாமா. உடனே, “ஆனா பழம் தின்னு பாஸானதாலே அவ இல்லேன்னும் ஆயிடாது” என்றார். தன் பக்கத்துக்காகக்கூடப் பொய்க்கணக்குப் போடமாட்டார். அப்படி ஒரு மனுஷரை அப்புறம் நான் பார்க்கவில்லை.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அவர் எவ்வளவோ முயன்றார். நான் பலப்பத்தைத் தொடவில்லை. எல்லோரும் மக்கு என்றார்கள்; வாயைத் திறக்கவில்லை.

தலை நரைத்தபின் ஒருநாள் அந்த வேண்டுதலை மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு குழந்தையோட பலப்பத்தைப் பறிச்சுக்கறவளை நான் எப்படிடீ நம்பறது? அப்படி இல்லாத ஒருத்தி இருந்தான்னா, இத்தனை வருஷமா நீ எழுதணும்னுதான் காத்துண்டிருப்பா.”

மறுநாள் ஒரு நோட்டு வாங்கிவந்தார்.

இல்லை என்றவர் அவளை அவ்வளவு உயரத்தில் வைத்திருந்தார். விழுந்து கும்பிட்ட நான்தான் அவளைப் பேரம் பேசுகிறவளாக்கிவிட்டேன். எட்டு வயதில் அது எனக்கு எங்கே தெரிந்தது?

பேத்தி, இந்தா, நான் எழுதியதை உரக்கப் படி. மாமா பேசுகிற இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானமாக.